மூணு ஓலையும் அத்தானுக்க வயிறும்

எங்க அயனிக்குழி சபையில கல்லு வைக்காம ஒண்ணும் நடக்காது. தண்ணித் தொட்டிக்கு ஒரு கல்லு, தொட்டிக்குப் போற குழாய்க்கு ஒரு கல்லு, அந்தக் குழாயை ரிப்பேர் பார்த்ததுக்கு இன்னொரு கல்லு. எல்லாம் மயிலாடியில கொடுத்துச் செதுக்கினது. கறுப்புக் கல்லுல தங்க எழுத்து. மேலே சின்னதா ஒரு வேத வசனம், கீழே பெருசா 'செயலாளர் நேசையன்'. கர்த்தருக்க வார்த்தையை விட உம்ம பேரு பெருசா இருக்கே வேய்னு நான் ஒருக்கா கேட்டுப்போட்டேன். அடுத்த மாசம் சந்தா பாக்கின்னு சொல்லி சபைத் தேர்தல் வோட்டர் லிஸ்டுல இருந்து என் பேரை வெட்டிட்டாங்க.

நான் மட்டுமில்ல. மைக் செட்டு ஏன் வருஷா வருஷம் கெட்டுப்போகுதுன்னு கேட்டவரு லிஸ்டுக்கு வெளியே. கல்லறைத் தோட்டத்துக்கு எதுக்கு ரெண்டு கேட்டுன்னு கேட்டவரு வெளியே. பாடகர் குழு ஞானசெல்வி டீச்சர் ஒருநாள் கமிட்டியில கைதூக்கி, "எனக்கு ஒரு சந்தேகம்"னு ஆரம்பிச்சாங்க. சந்தேகம் விசுவாசத்துக்கு விரோதம்னு சொல்லி அவங்களையும் கழிச்சாச்சு. இப்படிக் கழிச்சுக் கழிச்சு, எதிர்த்து நிக்க ஒரு ஆளில்லாம, நேசையன் பன்னிரண்டு வருஷமா போட்டியில்லாம ஜெயிச்சிட்டு வாறாரு. ஜெயிக்கும்போதெல்லாம், "சபை எப்படி ஒருமனமா இருக்கு பாத்தியளா"ன்னு கண்ணு கலங்குவாரு.

இந்த வருஷம் அவருக்கு உதிச்சது மதுவிலக்கு. களியக்காவிளை போய் ஊதுற மெஷின் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. ரோட்டுல போலீஸ்காரன் வாயில வைப்பானே, அது. அதுக்கு ஒரு மேடை, மேடைக்கு ஒரு கல்லு, கல்லுக்கு ஒரு திறப்பு விழா. விழாவுல அவரு பேசினதை அப்படியே சொல்லுதேன்: "அன்பானவர்களே, இனிமேல் நம்ம சபையில யாரையும் சந்தேகப்பட வேண்டிய அவசியமில்ல. எல்லாரையும் ஊதச் சொன்னா போதும். கமிட்டி உறுப்பினர்கள் ஊத வேண்டியதில்ல, ஏன்னா அவங்க ஏற்கெனவே கமிட்டி உறுப்பினர்கள்." கைதட்டினாங்க. சவம், நானும் தட்டினேன், பக்கத்துல இருந்தவன் பார்த்துட்டு இருந்தான்.

அந்த மெஷினை அவரு கொண்டு நாட்டின எடம்தான் கெட்ட எடம். ஓலை வாசிப்புக்கு முன்னாடி.

எங்க பக்கம் கோயில்ல கல்யாணம்னா அதுக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஓலை வாசிக்கணும். இன்னாருக்க மகனுக்கும் இன்னாருக்க மகளுக்கும் விவாகம், இதுக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டும்னா இப்பமே சொல்லணும்னு ஐயர், அதான் எங்க சபைப் போதகரு, கேப்பாரு. ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. திறக்கல்லேன்னா சம்மதம்னு அர்த்தம். ஓலை வாசிக்காத கல்யாணத்துக்கு எந்தக் கோயிலும் கதவு திறக்காது. நேசையன் போட்ட புதுச் சட்டம் என்னன்னா, பெண்ணுக்க அப்பன் ஊதிக் காட்டின பொறவுதான் ஓலை.

முதல் ஆளா மாட்டினது எனக்க அத்தான் ஜான்ரோஸ். எனக்க அக்கா தேவகனிக்க மாப்பிள்ளை. ரப்பர் ஷீட் வாங்கி விக்கிற கடை வச்சிருக்காரு. குடிங்கிற சொல்லையே வீட்டுல சொல்லவிட மாட்டாரு. கிறிஸ்துமஸ் கேக்கை ஒருத்தரு நீட்டினா, "இதுல ஒயின் சேத்திருக்கா?"ன்னு கேட்டுட்டுத்தான் வாயில வைப்பாரு. இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பாரு. அந்த ஆளுக்க ஒத்த மகள் பெபிஷாவுக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை ஷாஜனுக்குக் குவைத்துல வேலை. லெந்து காலம், அதான் ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் உபவாசம், தொடங்கினா ஈஸ்டர் வரைக்கும் கோயில்ல கல்யாணம் கிடையாது. ஈஸ்டருக்கு முன்னாடி ஷாஜனுக்க லீவு தீர்ந்துபோகும். அதனால லெந்துக்கு முன்னாடி மூணு ஓலையும் வாசிச்சுக் கல்யாணமும் முடிஞ்சாகணும்.

அத்தானுக்கு அன்னைக்கு அம்பிடு சந்தோஷம். "மக்கா, நாந்தான் தொடக்கம்"னு சொல்லி வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்தாரு. காலையில அக்கா மரச்சீனிக் கிழங்கு அவிச்சு, கடியப்பட்டணத்துச் சாளை மீனுல கறி வச்சிருந்தா. ஞாயித்துக்கிழமை அது இல்லாம அவருக்கு ஆகாது. ரெண்டு தட்டு தின்னுட்டுத்தான் வந்தாரு.

மெஷின் முன்னாடி நின்னு, கண்ணை மூடி ஒரு ஜெபம் பண்ணிட்டு ஊதினாரு.

மெஷின் சிவப்பு லைட்டைப் போட்டுட்டுக் கூவிச்சு.

அத்தான் மெஷினைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, "நான் சரியா ஊதல்லியோ?"ன்னாரு. திரும்ப ஊதினாரு. திரும்பவும் கூவிச்சு. பெண்கள் பக்கத்துல அக்கா முந்தானையால வாயைப் பொத்தினா. பெபிஷா எழும்பி நின்னுட்டா.

நேசையன் மெதுவா மைக்கைக் கையில எடுத்தாரு. முகத்துல துக்கம், கண்ணுல தீபாவளி. "மெஷின் பொய் சொல்லாது. ஏன்னா அதைக் கமிட்டி வாங்கினது"ன்னாரு. ஐயர் சின்ன வயசுக்காரரு, கமிட்டியை எதிர்த்தா மலங்காட்டுச் சபைக்கு மாத்திருவாங்கன்னு பயம். ஓலையை மடிச்சு அங்கிக்குள்ள வச்சிட்டாரு.

அந்த வாரம் முழுக்க வீட்டுல நாங்க தலையைப் பிச்சிட்டு இருந்தோம். கொஞ்ச நாளா அவருக்குச் சாப்பிட்டதும் தலை கிறங்கும், பேச்சு குழறும், உள்ளதுதான். பிரஷரா இருக்கும்னு நினைச்சோம். இப்ப அக்காவே அவரு சட்டையை மோந்து பார்க்கத் தொடங்கிட்டா. "எனக்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்"னு அவ கேட்டப்ப அத்தான் முகத்தைப் பார்க்கணும். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவ கேக்கா. அந்த மனுசன் மீன் கழுவுற எடத்துல போய் உக்காந்துட்டாரு. எனக்கு மெஷினைத் தூக்கிக் கிணத்துல போட்டா என்னன்னு இருந்துது.

கமிட்டி ஒரு கண்காணிப்புக் குழு போட்டுது. பொருளாளர் சிலுவைதாசனும் இன்னொருத்தரும் சனிக்கிழமை விடிஞ்சதும் அக்கா வீட்டுல வந்து உக்காந்தாங்க. அத்தான் எங்க போனாலும் கூடவே போனாங்க. கக்கூசுக்குப் போனாலும் வாசல்ல நின்னு பாட்டுப் பாடச் சொன்னாங்க, பாட்டு நின்னா குடிக்கான்னு அர்த்தமாம். தென்னையில ஏறிப் பார்த்தாங்க. வைக்கோல் போரைக் கலைச்சாங்க. நடுநடுவே அப்பம், முட்டைக்கறி, மத்தியானம் மரச்சீனியும் மீனும், எல்லாம் மூக்கு முட்டத் தின்னாங்க. அத்தானும் கூட உக்காந்து தின்னாரு. கொஞ்ச நேரத்துல அவருக்கு நாக்கு தடிச்சுது. எழும்பப் போனவரு கதவைப் பிடிச்சிட்டு நின்னு, "சிலுவைதாசா, வீடு ஏன் சரியுது?"ன்னாரு. ரெண்டு பேரும் பார்த்துட்டே இருந்தாங்க. ஒரு சொட்டு அவரு குடிக்கல்ல. அவங்களே சாட்சி.

மறுநாள் ஆராதனையில சிலுவைதாசன் சொன்ன அறிக்கை இது: "நாள் முழுக்க நாங்க கூடவே இருந்தோம். அவரு ஒண்ணும் குடிக்கல்ல. ஆனா நல்லா வெறிச்சாரு. சாதாரணக் குடிகாரனுக்குக் குடிச்சாத்தான் வெறிக்கும். குடிக்காமலே வெறிக்கணும்னா எத்தனை வருஷப் பழக்கம் இருக்கணும்னு சபையார் யோசிக்கணும்."

சபையார் யோசிச்சாங்க. ரெண்டாவது ஞாயிறும் ஓலை இல்லாமப் போச்சு. ஷாஜனுக்க அப்பா போன்ல, "அண்ணே, எங்க கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. அங்க என்ன தாமசம்?"னு கேட்டாரு. பைய, மரியாதையாத்தான் கேட்டாரு. அதுதான் எங்களை நெருப்பா சுட்டுது.

திங்கக்கிழமை அத்தான் கடையில ஷீட்டுக் கட்டு மேலே தலைகுப்புற விழுந்தாரு. நான் ஆட்டோவுல போட்டு நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன். வயித்து டாக்டரு பகவதின்னு ஒரு அம்மா. நான் நடந்ததெல்லாம் சொல்லச் சொல்ல, சிரிக்காமக் கேட்டுட்டு, "கொஞ்ச நாளா என்ன மாத்திரை தின்னீங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டா.

அத்தானுக்கு ரப்பர் ஷீட்டு உணத்துற புகைக்கூட்டுல ஆணி மிதிச்சு காலு பழுத்திருந்தது. அதுக்கு ஆண்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தாங்க. காலு ஆறிச்சு. ஆனா நிறுத்தினா திரும்ப வந்திரும்னு அக்காவுக்குப் பயம். டாக்டரைக் கேக்காம, மெடிக்கல்ல அதே அட்டையைக் காட்டிக் காட்டி மாசக்கணக்குல வாங்கித் தின்னுட்டே இருந்தாரு. அதைக் கேட்டதும் டாக்டரம்மா நெத்தியில அடிச்சா.

"மனுசன் வயித்துல கோடிக்கணக்குல உயிர் இருக்கு அண்ணாச்சி. முக்காலும் பாக்டீரியா. கொஞ்சம் பூஞ்சையும் உண்டு, ஈஸ்ட்டுன்னு சொல்லுதோமே அதும் ஒரு பூஞ்சைதான். உங்க வயித்துலயும் இருக்கு, எனக்க வயித்துலயும் இருக்கு. பாக்டீரியா எடத்தையும் தீனியையும் பிடிச்சு வச்சுக்கிட்டு, பூஞ்சையை ஒரு மூலையில அடக்கி இருத்தும். நீங்க இந்த மாத்திரையால பாக்டீரியாவை அழிச்சிட்டீங்க. பூஞ்சைக்கு அந்த மாத்திரை ஏக்காது. அதைக் கேக்க ஆளில்ல. பெருகிட்டுது."

"பெருகினா?"

"அப்பத்துக்கு மாவு கரைச்சு வச்சா பொங்கும் இல்லியா? ஈஸ்ட்டு மாவுல உள்ளதைத் தின்னு காத்தும் சாராயமும் விடுது. அதே வேலைதான் உங்க குடல்ல நடக்குது. நீங்க மரச்சீனி திங்கீங்க, அதை ஈஸ்ட்டு சாராயமா ஆக்கி உங்க ரத்தத்துல விடுது. அபூர்வமாத்தான் வரும், ஆனா வரும்."

சும்மா சொல்லல்ல. அத்தானை வார்டுல படுக்கப்போட்டு, நர்சுமாரு கண்ணு முன்னாடி குளுக்கோஸ் தண்ணி மட்டும் கொடுத்து, ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தா. நேரம் போகப் போக ரத்தத்துல சாராயம் ஏறிச்சு. அத்தான் கட்டில்ல எழும்பி உக்காந்து, "அப்ப நான் குடிக்கல்லியே?"ன்னாரு.

"இல்ல அண்ணாச்சி."

"உறுதியா இல்லியே?"

"இல்ல."

அவரு போர்வையை முகத்துல இழுத்துப் போட்டுட்டு அழுதாரு. அக்கா அவரு காலைப் பிடிச்சிட்டு அவளும் அழுதா. எனக்கும் தாங்க முடியல்ல, வெளியே போய் ஒரு சாயா குடிச்சேன்.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சுத்தான் நான் கமிட்டியில போய் விவரம் சொன்னேன். என் முட்டாள்தனம். எல்லாத்தையும் கேட்டுட்டு சிலுவைதாசன், "இந்தப் பூஞ்சை எப்ப இருந்து உள்ள இருக்கு?"ன்னாரு. எல்லாருக்க வயித்துலயும் எப்பவும் இருக்கும்னு டாக்டரு சொன்னதைச் சொன்னேன். அவ்வளவுதான், ஒரே கூச்சல். "எனக்க வயித்துல கிடையாது", "என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"ன்னு ஆளாளுக்கு எழும்பினாங்க. கடைசியில, கமிட்டி உறுப்பினர்கள் வயித்துல பூஞ்சை இல்லைன்னு ஏகமனதா ஒரு தீர்மானம் போட்ட பொறவுதான் உக்காந்தாங்க.

பொறவு நேசையன் தொண்டையைச் செருமினாரு. "நாங்க ஜான்ரோஸைத் தப்பா நினைச்சிட்டோம்"னாரு. எனக்கு நெஞ்சு குளிர்ந்துது. "குடிகாரன்னு நினைச்சிட்டோம். அவரு குடிகாரர் இல்ல. குடிகாரன் வெளியில போய் வாங்கிக் குடிப்பான். இவரு உள்ளேயே காய்ச்சுதாரு. இது வாற்றுச் சாராயக் கேசு. கோயில் பெஞ்சில உக்காந்து, பிரசங்கம் நடக்கும்போதே காய்ச்சியிருக்காரு. இவ்வளவு நாளா நம்ம மத்தியில ஒரு சாராய ஆலை நடந்திருக்கு, அன்பானவர்களே!"

அத்தான் குடிகாரன்ல இருந்து சாராய வியாபாரியா உயர்ந்துட்டாரு. தீர்மானம் என்னன்னா, உற்பத்தி நிக்கிற வரைக்கும் அவரு கோயில் படியேறக்கூடாது. வேணும்னா காம்பவுண்டுக்கு வெளியே புளியமரத்து மூட்டுல நின்னு ஸ்பீக்கர்ல ஆராதனை கேக்கலாம். மூணாவது ஞாயிறு அந்த மனுசன் வெள்ளைச் சட்டையும் போட்டு, வேதப் புஸ்தகத்தை நெஞ்சோட பிடிச்சுட்டு மரத்து மூட்டுல நின்னு பாட்டுப் பாடினாரு. ரோட்டுல போற பஸ்ல இருந்து ஆளுகள் எட்டிப் பார்த்தாங்க. பெபிஷா கோயிலுக்குள்ள போகல்ல. அப்பாக்க பக்கத்துல வந்து நின்னா.

டாக்டரம்மா பூஞ்சைக்கு மருந்து கொடுத்தா. சோறு, அப்பம், மரச்சீனி, சர்க்கரை ஒண்ணும் வாயில வைக்கக்கூடாதுன்னுட்டா. மீனும் முட்டையும் கீரையும்தான். தயிரும் மோரும் குடிக்கச் சொன்னா, போன பாக்டீரியா பையப் பையத் திரும்பி வரணுமாம். "பூஞ்சையை அடியோட ஒழிக்க முடியாதா?"ன்னு அத்தான் கேட்டாரு. "ஒழிக்கவேண்டாம் அண்ணாச்சி. அதும் அங்க இருக்கவேண்டிய ஆளுதான். எதிர்த்து நிக்க நாலு பேரு பக்கத்துல இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்"னா. அத்தான் அதைப் பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி கேட்டுட்டு இருந்தாரு. மீன்கறியும் மரச்சீனியும் அடுத்த வீட்டுல வாசனை வந்தா மூக்கைப் பொத்திட்டு ரோட்டுக்குப் போயிருவாரு. இடுப்புல வேட்டி நிக்காம அக்கா கயிறு போட்டுக் கட்டிவிட்டா.

லெந்துக்கு ரெண்டு ஞாயிறுதான் மிச்சம். மெஷினை மரத்து மூட்டுக்கே கொண்டுவந்தாங்க. ஊர் கூடிட்டுது. அத்தான் மெஷினை வாங்கினாரு. ஊதினாரு.

பச்சை லைட்டு. ஒண்ணுமில்லை.

"அப்பா!"ன்னு பெபிஷா கத்தினா. நான் அத்தானைக் கட்டிப்பிடிச்சேன், எலும்புதான் கையில தட்டுப்பட்டுது. நேசையன் மெஷினை வாங்கிப் பார்த்தாரு, தட்டிப் பார்த்தாரு, மேலே பார்த்தாரு. பிறகு ரெண்டு கையையும் விரிச்சு, "ஸ்தோத்திரம்! திருந்திட்டாரு!"ன்னாரு.

"என்னவோய் திருந்திட்டாரு?"ன்னேன்.

"அன்னைக்கு இருந்துது, இன்னைக்கு இல்ல. அப்போ விட்டிருக்காரு. விடணும்னா முன்னாடி குடிச்சிருக்கணும். இது நம்ம மதுவிலக்கு இயக்கத்துக்குக் கிடைச்ச முதல் ஆத்துமா!"

சனிக்கிழமை அத்தானைக் கமிட்டி ரூமுக்குக் கூப்பிட்டாங்க. நானும் போனேன். நேசையன் அன்பு ஒழுகப் பேசினாரு. நாளைக்கு லெந்துக்கு முந்தின கடைசி ஞாயிறு, புதன்கிழமை லெந்து தொடங்கிரும். மூணு ஓலையையும் சேர்த்து ஒரே நாள்ல வாசிக்கக் கமிட்டி சிறப்பு அனுமதி கொடுக்கும். ஒரே ஒரு காரியம்தான். ஓலைக்கு முன்னாடி அத்தான் சபை முன்னாடி நின்னு சாட்சி சொல்லணும். நான் குடிச்சேன், சீரழிஞ்சேன், கமிட்டியால மீட்கப்பட்டேன்னு. மூணே வரி.

"நான் குடிக்கல்லியே"ன்னாரு அத்தான்.

"அது உமக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இயக்கத்துக்குத் தெரியாண்டாம்"னாரு நேசையன். "கல்லுக்கு மயிலாடியில சொல்லியாச்சு. 'மீட்கப்பட்ட முதல் குடிகாரர் ஜான்ரோஸ்'. எழுத்தும் வெட்டியாச்சு. கல்லுல வெட்டினதை இனி என்ன செய்ய முடியும், நீரே சொல்லும்?"

வீட்டுல வந்து நான் எல்லாத்தையும் சொன்னேன். அக்கா கேட்டுட்டு, "சொல்லிருங்க. மூணு வரிதானே. பிள்ளைக்க வாழ்க்கை"ன்னா. சொல்லும்போதே அழுதா. பெபிஷா அடுக்களை வாசல்ல நின்னுட்டு இருந்தா. "அம்மா, நீ சும்மா இரு. அப்பா, ஓலையில ஜான்ரோஸுக்க மகள்னு என் பேரை வாசிக்கணும். குடிகாரனுக்க மகள்னு வாசிக்கதா இருந்தா எனக்கு ஓலையே வேண்டாம். ஷாஜன்கிட்டயும் சொல்லிட்டேன்"னா. அத்தான் மகளைப் பார்த்தாரு, மனைவியைப் பார்த்தாரு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்கு ஒரு பெண்ணு அழுதா.

ஞாயிறு கோயில் நிறைஞ்சு வழிஞ்சுது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் வந்து பின்பெஞ்சில இருந்தாங்க. முன்பெஞ்சில கமிட்டி. நேசையன் மடியில பொன்னாடை மடிச்சு வச்சிருந்தாரு. அத்தான் மைக் முன்னாடி போய் நின்னாரு. தொங்கத் தொங்க ஒரு சட்டை. வாயைத் திறந்தாரு, மூடினாரு. நேசையன் கீழே இருந்து, "நான் குடிச்சேன்"னு அடியெடுத்துக் கொடுத்தாரு.

"எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது"ன்னாரு அத்தான். "எனக்க வயித்துல நடந்தது மட்டும்தான் தெரியும். அதைச் சாட்சியாச் சொல்லுதேன்.

"எனக்க வயித்துல நிறைய கூட்டம் இருந்துது. பல மாதிரி. ஒண்ணுக்கு ஒண்ணு சேராது, ஒண்ணை ஒண்ணு எதிர்த்துட்டே இருக்கும். அப்படி இருந்த வரைக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கதே எனக்குத் தெரியாது, சுகமா இருந்தேன். பொறவு நான் ஒரு தப்புப் பண்ணினேன். மாத்திரையைத் தின்னுத் தின்னு எதிர்த்து நின்னதை எல்லாம் அழிச்சேன். ஒரே ஒரு கூட்டம் மட்டும் மிஞ்சிச்சு. அதைக் கேக்க ஆளில்ல. அதுக்கு எல்லா எடமும் கிடைச்சுது. நான் பாடுபட்டுத் தின்னதை எல்லாம் அது தின்னுது. தின்னுத் தின்னுப் பொங்கிச்சு. வெறி அதால வந்துது. கெட்டபேரு எனக்கு வந்துது."

நேசையன் கண்ணை மூடிட்டு, "ஆமென்"னாரு. சத்தமாவே சொன்னாரு.

அதுக்குப் பொறவுதான் எனக்குப் புரிஞ்சுது. பக்கத்துல இருந்தவன் என்னைப் பார்த்தான். அவனுக்குப் பக்கத்துல இருந்தவன் முன்பெஞ்சைப் பார்த்தான். பெண்கள் பக்கத்துல தலை ஒவ்வொண்ணா முன்பெஞ்சுக்குத் திரும்பிச்சு. அத்தானுக்கு இது ஒண்ணும் தெரியாது. டாக்டரம்மா சொன்னதை ஒரு வரி விடாம ஒப்பிச்சிட்டு இருந்தாரு.

"அதை அடியோட ஒழிச்சிருங்கன்னு டாக்டரைக் கேட்டேன். ஒழிக்கவேண்டாம், அதும் இருக்கவேண்டிய ஆளுதான், எதிர்த்து நிக்க நாலு பேரு இருந்தா போதும், அது ஒழுங்கா இருந்துக்கிடும்னு சொன்னா. இப்ப அந்த நாலு பேரும் திரும்பி வந்திருக்காங்க. எனக்குச் சுகம். நான் ஒருநாளும் குடிச்சதில்ல. கர்த்தர் சாட்சி."

நேசையனுக்குக் கண்ணு திறந்துது. பொன்னாடை மடியில இருந்து தரையில விழுந்துது. அதுக்குள்ள ஐயர் எழும்பிட்டாரு. கமிட்டியைப் பார்க்கல்ல. அங்கிக்குள்ள இருந்து மடிச்சு மடிச்சு நைஞ்சுபோன ஓலையை எடுத்து, "ஜான்ரோஸ், தேவகனி தம்பதியின் மகள் பெபிஷாவுக்கும்..."ன்னு ஒரே மூச்சுல வாசிச்சாரு. மூணையும் சேர்த்து வாசிச்சாரு. "இதற்கு யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இப்பொழுதே சொல்ல வேண்டும்"னு முடிச்சாரு.

"எனக்கு உண்டு"ன்னு நேசையன் எழும்பினாரு. "கமிட்டி சொன்ன சாட்சி இதில்ல. ஓலை செல்லாது. சபை ஒருமனமா இருக்கு, யாரும் மாத்திப் பேசமாட்டாங்க."

அக்கா பெபிஷாக்க கையைப் பிடிச்சா. ஒருத்தரும் பேசல்ல. பன்னிரண்டு வருஷமா எங்க சபையில ஒருத்தரும் பேசாம இருந்தா அதுக்கு என்ன அர்த்தமோ அதையேதான் நேசையன் எடுத்துக்கிட்டாரு. உக்காரப் போனாரு.

"எனக்கு ஆட்சேபணை இல்ல."

பெண்கள் பக்கம். ஞானசெல்வி டீச்சர் எழும்பி நின்னுட்டு இருந்தாங்க. ஓலைக்கு ஆட்சேபணை இல்லாதவங்க எழும்புற வழக்கம் இந்த உலகத்துலயே கிடையாது. நேசையன், "உக்காருங்க டீச்சர்"னாரு. டீச்சர் உக்காரல்ல.

"எனக்கும் இல்ல"ன்னு மைக் செட்டுக்காக வெளியே போனவரு எழும்பினாரு. "எனக்கும் இல்ல"ன்னு கல்லறைக் கேட்டுக்காக வெளியே போனவரு எழும்பினாரு. நான் எழும்பினேன். பொறவு யாரு முதல்ல யாரு பிந்தின்னு கணக்கில்ல, பெஞ்செல்லாம் கிறீச் கிறீச்சுன்னுது. எனக்கு இல்ல, எனக்கு இல்லன்னு குழந்தைகள்கூடச் சொல்லிச்சு. கடைசியில உக்காந்திருந்தது முன்பெஞ்சு மட்டும்தான். அதுலயும் சிலுவைதாசன் பின்னால திரும்பிப் பார்த்துட்டு, பாதி எழும்பி, எழும்பலாமா வேண்டாமான்னு அப்படியே நின்னாரு.

"ஓலை வாசிக்கப்பட்டது"ன்னாரு ஐயர்.

ஆராதனை முடிஞ்சு வெளியே வந்தப்போ ஷாஜனுக்க அப்பா அத்தானுக்க கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. ஞானசெல்வி டீச்சர் வந்து அவரு தோள்ல தட்டிட்டுப் போனாங்க. முன்பின் தெரியாதவங்க எல்லாம் வந்து கும்பிட்டுப் போனாங்க. அத்தான் எல்லாருக்கும் கும்பிட்டுக் கும்பிட்டுக் களைச்சு, என்னைத் தனியா புளியமரத்து மூட்டுக்கு இழுத்துட்டுப் போனாரு.

"மக்கா, அந்த நேசையன் ஏன் அப்படி வெளிறிப்போனாரு? இவங்க எல்லாம் எதுக்கு எழும்பினாங்க? நான் எனக்க வயித்தைப் பத்தித்தானே சொன்னேன்?"

"ஆமா அத்தான்"ன்னேன். "வயித்தைப் பத்தித்தான்."